எங்கள் பாம்பைக் கேட்டீர்களா

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

போனை நீ வைத்தாயா, நான் வைத்தேனா என்ற வழக்கை அப்புறம் தீர்த்துக்கொள்ளலாம். நாம் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் நடுவில் வைத்துவிட்டுப் போக முடியாது, முழுவதையும் படித்துத்தான் ஆக வேண்டும். நம் தூதரகத்தின் தபால் பை வாராவாரம் உன் அமைச்சகத்துக்கு வருகிறது இல்லையா, அதில் இதையும் போடச் சொல்லியிருக்கிறேன். மின்னஞ்சல் அனுப்பினால் உனக்கு முன்னால் உன் செயலாளர் படித்துவிடுவார்.

என்னை இங்கே அனுப்பியது நீதான். "குதிரைக்குள்ள விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அதோட ரத்தத்துல இருந்துதானே பாம்புக்கடி மருந்து எடுக்கறாங்க? நீ குதிரை டாக்டர். உன்னை விட்டா வேற யாரு போவாங்க?" என்று சொன்னாய். இரண்டு மாத வேலை, நம் மருந்து இங்கே நன்றாக வேலை செய்கிறது என்று சான்றிதழில் கையெழுத்து, அதன்பின் மாநாட்டில் இரண்டு அமைச்சர்களும் கைகுலுக்குவார்கள், படம் எடுப்பார்கள் என்றாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியின் பழைய சலவை அறையை எனக்கு ஆய்வுக்கூடமாகக் கொடுத்திருக்கிறார்கள். சுவரெல்லாம் இன்னும் சோப்பு வாசனை. நம் நாட்டுப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் நம் கொடி, கைகுலுக்கும் படம், "நட்பின் பரிசு" என்ற எழுத்து.

போன வாரம் செங்கல் சூளையில் கல் சுமக்கும் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கடித்த பாம்பையும் அடித்து ஒரு சாக்கில் போட்டு எடுத்து வந்திருந்தார்கள். மண் நிறம், முதுகில் வெள்ளை வரி, சின்ன விரியன். நம் நாட்டிலும் இதே சாயலில் ஒன்று உண்டு. அந்தச் சாயலைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் ஏமாந்திருக்கிறோம்.

சோதனை எளிதானது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் நல்லது. தண்ணீராக ஓடினால் விஷம் இன்னும் உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம். நம் மருந்தைக் குப்பி குப்பியாக ஏற்றினோம். ஒவ்வொரு முறை குழாயைச் சாய்த்தபோதும் ரத்தம் ஓடியது. கடைசி வரைக்கும் ஓடியது. அவளுடைய தங்கை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பெட்டிகளில் இருந்த நம் கொடியை நன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

பிறகு எலிகளில் சோதித்தேன். நம் பாம்பின் விஷத்தை நம் மருந்து அடக்குகிறது. இந்தப் பாம்பின் விஷத்திடம் அது வெறும் தண்ணீர். அதனால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இதைச் சொல்லத்தான் போன் செய்தேன்.

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று அம்மாவிடம் சொல். இரண்டும் பொய்தான், ஆனாலும் சொல்.

தங்கை

&nbsp;

பிப்ரவரி 21

அடியே குதிரைக்காரி,

போனை வைத்தது நீதான். வழக்கு முடிந்தது.

அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. இதை நம்பிக்கொண்டு மீதியைப் படி.

இந்த ஒப்பந்தப் பேச்சில் நான் உட்கார்ந்தபோது என் மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது என் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறான். அவர்கள் மண்ணில் உரம் இருக்கிறது, நம்மிடம் மருந்து இருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்ததே கிடையாது. அவர்கள் உரம் எங்கோ போய், எவனோ ஒருவன் மூட்டையில் நுழைந்து, அவன் சொன்ன விலைக்கு, அவன் காசில் நமக்கு வந்துகொண்டிருந்தது. முதல்முறையாகத் தரகன் இல்லாமல், கடன் இல்லாமல், பணக்கார நாட்டு நாணயத்தைத் தொடாமல் இரண்டு ஏழை நாடுகள் சரக்குக்குச் சரக்கு மாற்றிக்கொள்ளப் போகின்றன. தொடக்கமாக முதல் தவணை மருந்தை மட்டும் நாம் நன்கொடையாகக் கொடுக்கிறோம். இது நடந்துவிட்டால் இன்னும் பத்து நாடுகள் இதே வழியில் வரும். இது எத்தனை பேர் கண்ணை உறுத்துகிறது தெரியுமா?

அவர்களுக்கு இந்த மருந்தைச் செய்து விற்றுக்கொண்டிருந்த பணக்கார நாட்டுக் கம்பெனி, ஏழைகளைக் கடிக்கிற பாம்பில் லாபம் இல்லை என்று கடையைச் சாத்திவிட்டது. பணக்கார நாடுகள் நடத்தும் கடன் நிதியத்திலிருந்து ஒருவர் எங்கள் கூட்டத்தில் பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறார். வெயில் காலத்திலும் கோட்டைக் கழற்ற மாட்டார். நாம் எப்போது தடுக்கி விழுவோம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். விழுந்தால் அவர்களுக்குக் கடன் கொடுத்து இன்னொரு கம்பெனியின் மருந்தை வாங்க வைப்பார். மருந்து வேலை செய்யவில்லை என்று நீ இப்போது எழுதினால், நீயே அவர் கையில் கழியைக் கொடுத்த மாதிரி ஆகும்.

முழுப் பொய் சொல்லச் சொல்லவில்லை. "ஓரளவு பலன் தெரிகிறது, ஆய்வு தொடர்கிறது" என்று எழுது. ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், பிறகு சத்தமில்லாமல் மருந்தை மாற்றிக்கொள்ளலாம். இது முடிந்தால் என்னை எங்காவது தூதராக அனுப்புவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. அதற்காகக் கேட்கவில்லை. சரி, அதற்காகவும்தான் கேட்கிறேன்.

அம்மா நீ சொன்ன இரண்டையும் நம்பவில்லை.

அக்கா

&nbsp;

மார்ச் 4

அக்கா,

ஓரளவு என்றால் என்ன? அந்தப் பெண் ஓரளவு செத்தாள் என்று எழுதட்டுமா?

உன் கடிதத்தில் இருக்கிற நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிவதால்தான் கோபம் இன்னும் ஏறுகிறது. இந்த ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவரிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் உயரமான அம்மா, யார் பேசினாலும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்பார். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருப்பது, நம் இரண்டு நாட்டையும் ஒரு காலத்தில் ஆண்டவர்களின் மொழி. அதில்தான் சண்டை போட்டுக்கொள்கிறோம். நான் உரம், மருந்து, தரகன் என்று உன் பாட்டைப் பாடி முடித்ததும் அவர் சொன்னார்: "முன்னாடி வந்தவங்க காசுக்கு வித்தாங்க. நீங்க சும்மா தர்றீங்க. பெரிய மனசுதான். ஆனா ரெண்டு பேருமே எங்க பாம்பைக் கேக்கலையே?"

என் காது மடல் சூடாகிவிட்டது.

அதோடு அவர் நிறுத்தவில்லை. பேச்சின் தொடக்கத்தில் அவர்கள் பக்கம் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னார்களாம். எங்கள் பாம்பின் விஷத்தை எடுங்கள், எங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுங்கள், பின்னாளில் எங்கள் லாயத்தில் நாங்களே செய்துகொள்கிறோம் என்று. நம் பக்கம் அதை அடித்துவிட்டு "நன்கொடை" என்று எழுதினார்களாம். ஏன் அக்கா? கொடுக்கிற கை மேலே இருக்க வேண்டும் என்றா?

அப்பா வேலை பார்த்த பால் பண்ணைக்கு ஒரு பணக்கார நாடு கறவை இயந்திரம் அனுப்பியது உனக்கு ஞாபகம் இருக்கும். அவர்கள் ஊர் மாட்டின் மடிக்குச் செய்தது. நம் மாட்டுக்கு மாட்டினால் கழன்று விழுந்தது, மாடு உதைத்து அப்பாவின் முன்பல் போனது. அந்தப் பெட்டியிலும் இதே கைகுலுக்கும் படம் இருந்தது. அதற்குள் கோழி முட்டையிட்டது. அன்றைக்கு நீ, "நம்ம மாட்டை ஒரு தடவை வந்து பாத்திருக்கலாமே" என்று கேட்டாய். அப்படிக் கேட்டவள் அமைச்சகத்தில் மூன்றாவது மாடிக்கு ஏறியதும் எங்கே போனாள்?

இப்போதும் வழி இருக்கிறது. ஆஸ்பத்திரியின் மருந்தாளுநர் பத்துப் பன்னிரண்டு விரியன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார். விஷம் எடுத்து உலர்த்தி அனுப்புகிறேன். முதல் வருஷம் நம் குதிரைகளில் செய்யட்டும். அவர்கள் ஆட்கள் அங்கே வந்து பழகட்டும். அடுத்த வருஷம் இங்கேயே லாயம். குப்பியின் மேல் இரண்டு பெயரும் இருக்கட்டும். "நன்கொடை" என்ற வார்த்தையை அடி. உன்னால் முடியும்.

தங்கை

&nbsp;

மார்ச் 15

உன் யோசனையைச் செயலாளரிடம் கொண்டுபோனேன். இந்த மருந்தைச் செய்கிற நம் சீரம் நிலையத்தின் இயக்குநரையும் கூப்பிட்டார்கள். தன் மருந்தை ஒரு குதிரை டாக்டர் குறை சொல்வதா என்று அவர் மேசையைத் தட்டினார். மாநாடு நெருங்கும்போது அங்கே நீ இருப்பதே ஆபத்து என்று செயலாளர் சொன்னார்.

உன்னைத் திரும்ப அழைக்கும் உத்தரவு இத்துடன் இருக்கிறது. டிக்கெட்டும் இருக்கிறது. உத்தரவில் கையெழுத்துப் போட்டது நான்தான். வேறு யாராவது போட்டிருந்தால் உன் வேலையையும் சேர்த்துப் பறித்திருப்பார்கள்.

அப்பாவின் பல்லை இதில் இழுத்திருக்க வேண்டாம்.

வா. வந்து என்னோடு நேரில் சண்டை போடு.

அக்கா

&nbsp;

மார்ச் 26

அக்கா,

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உத்தரவை வைத்துக்கொண்டேன், உன் கையெழுத்து அழகாக இருக்கிறது.

நான் வர மாட்டேன். சம்பளத்தை நிறுத்தட்டும். தலைமை மருத்துவர் செவிலியர் விடுதியில் ஒரு கட்டில் கொடுத்திருக்கிறார். இரண்டு வேளை சாப்பாடும் உண்டு. "திரும்பக் கூப்பிட்டும் போகாத முதல் நிபுணர் நீங்கதான். மத்தவங்க எல்லாம் கூப்பிடறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க" என்றார். எப்போதும்போல் வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சிரித்தார்.

கிளம்பிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், துணியைக்கூட மடித்து வைத்தேன். அன்று மாலை எங்கள் வாசல் காவலாளியைப் பாம்பு கடித்தது. தினமும் என் அடையாள அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "படத்துல அழகா இருக்கீங்க, நேர்ல பரவாயில்ல" என்று சொல்கிற ஆள். குழாயைச் சாய்த்தேன், ரத்தம் ஓடியது. பக்கத்து அறையில் நம் மருந்து கூரை வரைக்கும் இருக்கிறது. எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. வேறு ரத்தம் ஏற்றி ஏற்றி உயிரைப் பிடித்து வைத்தோம். கால் போய்விட்டது. கண் விழித்ததும் முதலில், "அந்தப் பாம்பைக் கொன்னுட்டீங்களா?" என்று கேட்டார். கொல்லவில்லை என்றேன். "நல்லது. அதுகிட்ட எனக்கு ஒரு கால் பாக்கி இருக்கு" என்றார்.

அந்தப் பாம்பிடமும் தொட்டியில் இருக்கிற மற்றவற்றிடமும் விஷம் எடுத்து உலர்த்தியிருக்கிறேன். இந்தப் பையில் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. மஞ்சள் கற்கண்டு மாதிரி இருக்கும். திறக்காதே, முகராதே, உன் மேசையில் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைக்காதே. தலைமை மருத்துவரின் அனுமதிக் கடிதம் கூடவே இருக்கிறது. நம் தூதர் கண்ணை மூடிக்கொண்டார், அதற்கு மேல் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

இனி முடிவு உன்னுடையது. செயலாளரிடம் கொடுத்து என்மேல் வழக்குப் போடு, இல்லையென்றால் குதிரை லாயத்துக்கு எடுத்துப் போ.

தங்கை

&nbsp;

ஏப்ரல் 19

பாம்பாட்டிக்கு,

அரசாங்கத் தபால் பையில் விஷத்தை அனுப்பிய ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். பெட்டியைப் பார்த்ததும் என் உதவியாளர் நாற்காலியோடு பின்னால் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னைக் கையில் கிடைத்தால் கொன்றிருப்பேன். பெட்டியை இரும்பு அலமாரியில் பூட்டிவிட்டு, அன்று பிற்பகல் மாநாட்டுக்கு முந்தைய கடைசிக் கூட்டத்துக்குப் போனேன்.

நீளமான மேசை. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், ஓரத்தில் கோட்டுக்காரர். ஒப்பந்தத்தை உரக்க வாசிக்கும் வேலை எனக்கு. "நன்கொடை" வந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. திட்டம் போட்டு நிற்கவில்லை. அந்தக் கறவை இயந்திரப் பெட்டி கண்முன் வந்தது, நீ இழுத்துவிட்டதுதான். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "இந்த மருந்து உங்க நாட்டுல வேலை செய்யல. எங்க பாம்புக்குச் செஞ்சதை உங்களுக்கு அனுப்பிட்டோம். உங்க பாம்பை நாங்க கேக்கவே இல்ல" என்றேன்.

செயலாளர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். கோட்டுக்காரர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மிச்சமிருந்த பயமும் போனது. அவரைப் பார்த்து, "சிரிக்காதீங்க. நீங்க லாபமில்லைன்னு போட்டுட்டுப் போன வேலையைத்தான் நாங்க தப்பாவாவது செஞ்சுக்கிட்டு இருக்கோம். செஞ்ச தப்பைத் திருத்திக்க எங்களுக்குத் தெரியும். அதுக்கு உங்க கடன் தேவையில்ல" என்றேன். முழுசாகச் சொல்லி முடித்தேன்.

அவர்கள் தரப்புத் தலைவி வயதான, குட்டையான அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பார். அதை இறக்கி என்னைப் பார்த்தார். "நீங்க அடிச்சுப் போட்ட எங்க பிரிவு இன்னும் எங்க பையிலேயேதான் இருக்கு" என்று மடங்கிப் போன ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். எல்லாக் கூட்டத்துக்கும் அதைக் கொண்டுவந்திருக்கிறார், பார்த்துக்கொள்.

இப்போது கெட்ட செய்தி. அமைச்சர் கையெழுத்துப் போடவில்லை. மாநாட்டில் படம் எடுக்கவில்லை. ஒப்பந்தம் "மறுபரிசீலனையில்" இருக்கிறது. என்னை எழுதுபொருள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். காகிதக் கட்டும் ரப்பர் முத்திரையும் எத்தனை வேண்டும் என்று கேட்டு வாங்குகிற வேலை. தூதர் பேச்சை இனி யாரும் எடுக்க மாட்டார்கள். உன் அத்தான், "அப்படியே நம்ம வீட்டுக்கும் ரெண்டு பேனா எடுத்துட்டு வா" என்கிறார்.

இனி நல்ல செய்தி. அமைச்சர்கள் கையெழுத்துப் போடாவிட்டாலும், இரண்டு நிலையங்கள் தங்களுக்குள் ஆராய்ச்சிக்காகப் பொருளும் ஆளும் மாற்றிக்கொள்ளலாம் என்று பழைய விதி ஒன்று இருக்கிறது. அவர்கள் தரப்புத் தலைவிக்கும் அது தெரிந்திருந்தது. கூட்டம் முடிந்ததும் நானும் அவரும் பஸ் பிடித்துச் சீரம் நிலையத்துக்குப் போனோம். பெட்டி என் மடியில். இயக்குநர் முதலில் கத்தினார். மருந்து கெட்டதா என்றார். மருந்து நல்ல மருந்து, போன ஊர்தான் தவறு என்றேன். பெட்டியைத் திறந்து பார்த்தார். கோபம் தீர்வதற்கு முன்பே கை தராசுக்குப் போய்விட்டது. "எந்தக் குதிரையில ஏத்தலாம்னு பாப்போம்" என்று அவராகவே முணுமுணுத்தார்.

அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் அடுத்த வாரம் இங்கே வருகிறார்கள். நம் வீட்டு மாடி அறையைக் கொடுத்திருக்கிறேன். அம்மா இப்போதே படுக்கை விரித்துவிட்டாள்.

அப்பாவின் பல்லைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அக்கா

&nbsp;

நவம்பர் 30

அக்கா,

உன் வீட்டு மாடியில் இருந்துவிட்டு இரண்டு பேரும் ஊர் திரும்பினார்கள். ஐஸ் பெட்டியை வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தார்களாம். குப்பிகள் குறைவுதான். கொடி இல்லை, கைகுலுக்கும் படம் இல்லை. இரண்டு நிலையங்களின் பெயர், பாம்பின் பெயர், தேதி. அவ்வளவுதான். அம்மா அவர்களிடம் எனக்காகக் கொடுத்தனுப்பிய போர்வையும் வந்தது. இங்கே கொளுத்துகிறது என்று எத்தனை முறை சொன்னாலும் அவள் கேட்க மாட்டாள்.

முந்தாநாள் செங்கல் சூளையிலிருந்து ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. பிப்ரவரியில் வாசலில் நின்றாளே, அந்தத் தங்கை. அக்காவின் வேலைக்கு அவள் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். அதே பாம்பு. குழாயில் எடுத்த ரத்தம் தண்ணீராக ஓடியது.

நான் குப்பியை எடுத்ததும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எங்க அக்காவுக்குப் போட்டதுதானே இது? எனக்கு வேணாம். வெளியே போங்க" என்றாள். ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, ஆனாலும் பிடி தளரவில்லை. அவள் சொல்வதில் என்ன தவறு? என் நாட்டுக் கொடியைப் பார்த்து நம்பியதற்குத்தானே அவள் அக்கா போனாள்?

தலைமை மருத்துவர் சொன்னார், அவள் கேட்கவில்லை. கடைசியில் காவலாளி ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து, இல்லாத காலை அவளுக்குக் காட்டினார். "இதைத் தின்ன பாம்போட விஷம்தான் இந்தக் குப்பிக்குள்ள இருக்கு. நம்ம வாசல்ல புடிச்சது. இவங்க ஊருக்குப் போய், குதிரைக்குள்ள போய், திரும்ப நம்மகிட்ட வந்திருக்கு. என் காலுக்குப் பதிலா வந்த மருந்து. இதை வேணாம்னு சொன்னா எனக்குக் கோபம் வரும்." அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மணிக்கட்டை விட்டாள்.

மருந்து ஏறியது. சில மணி நேரம் கழித்து மறுபடி குழாயில் ரத்தம் எடுத்து வைத்தேன். இருபது நிமிடம் நான் எழுந்து போகவில்லை. நேரம் ஆனதும் குழாயை எடுக்கப் போனேன். "நான் பாக்கறேன்" என்று அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். அவளே அதைச் சாய்த்தாள். அசையவில்லை. முழுசாகத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. கவிழ்த்த குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அக்காவுக்காக அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அழுதேன்.

ஒப்பந்தம் இன்னும் உன் அமைச்சர் மேசையில் தூங்குகிறது என்று எழுதியிருந்தாய். தூங்கட்டும். எழுப்ப வேண்டியது இத்துடன் இருக்கிறது. மாட்டேன் என்று பிப்ரவரியில் சொன்னேனே, அதே சான்றிதழ்தான். இப்போது போட்டிருக்கிறேன். எனக்கு மேலே தலைமை மருத்துவர் போட்டிருக்கிறார், அது அவருடைய இடம்.

கீழே மூன்றாவதாக இருப்பது அந்தச் சூளைக்காரியின் கையெழுத்து. "பயனாளி" என்று நாம் அச்சடித்து வைத்திருந்த இடத்தில் போடச் சொன்னேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள், சொன்னேன். பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, மேலே தன் மொழியில் "சாட்சி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

உன் முத்திரைகளில் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் குத்தி உள்ளே அனுப்பு.

தங்கை